கிரேட் நாட் பறவையைத் தேடி ஒரு நாள்: தென்பெண்ணை முகத்துவாரம் முதல் பரங்கிப்பேட்டை வரை

ஜனவரியில் ஒரு நாள் மட்டும் ஒதுக்க முடியும் என்றும், புதுச்சேரியில் தங்கிக் கடலூர்க் கரையோரமாகப் பறவை பார்க்கச் செல்லவிருப்பதாகவும் சொல்லி, கிரேட் நாட் என்னும் அரிய உள்ளானை (சேற்றில் இரை தேடும் கரைப்பறவையை) காண வாய்ப்பிருக்கிறதா, எங்கே எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பு இருக்கிறது, அது சிறியது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பறவை இன்ன மணல்திட்டில் நிற்கிறது என்று யாராலும் உறுதியாக வழிகாட்ட முடியாது. உள்ளான் கூட்டங்கள் எங்கே இரை தேடும், நீர் ஏறும்போது எங்கே ஒதுங்கும் என்பதைத்தான் சொல்ல முடியும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கிரேட் நாட் கலந்திருந்தால், அதைப் பிரித்தெடுப்பது உங்கள் கண்ணையும் நிதானத்தையும் பொறுத்தது. அதனால் என் பதிலின் பெரும்பகுதி கூட்டத்தைச் சரியான இடத்தில் சந்திப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில், இந்தப் பறவை ஏன் இவ்வளவு அரிதானது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கிரேட் நாட் வடகிழக்குச் சைபீரியாவின் மலைச்சரிவுகளில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்குச் செல்கின்றன. ஒரு சிறு பங்கு தென்கிழக்கு ஆசியா வழியாக வங்காள விரிகுடாவின் கரைகளுக்கும் அரபிக்கடல் கரைகளுக்கும் வந்து சேர்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வடக்கே திரும்பும் பறவைகள் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளை அடையும்வரை ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர் தரையிறங்காமல் பறக்கின்றன. அந்தப் பயணத்தில் கொழுப்பு மட்டுமன்றி, மூளையும் நுரையீரலும் நீங்கலாக உடலின் மற்ற உறுப்புகளும் சுருங்கிவிடுகின்றன என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அப்படி மெலிந்து வந்து இறங்கும் இடத்தில் சிப்பிகள் நிறைந்த சேறு இல்லாவிட்டால், மேற்கொண்டு பறக்கவும் இயலாது, திரும்பவும் இயலாது. தென் கொரியாவின் சேமாங்கம் என்னுமிடத்தில் நடந்தது அதுதான். அங்கே இரண்டு ஆறுகளின் கழிமுகத்தை அடைத்து 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் எழுப்பப்பட்டு 2006 ஏப்ரலில் மூடப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த ஒரே இடத்தைச் சார்ந்திருந்த ஏறத்தாழ 90,000 கிரேட் நாட்கள் காணாமற்போயின. அவை வேறு சேற்றுவெளிகளுக்கு இடம் மாறியிருக்கும் என்ற நம்பிக்கையும் பிந்தைய கணக்கெடுப்புகளில் பொய்த்தது. 2015இல் இந்த இனம் அழிவாபத்திலுள்ள இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. சீனாவின் மஞ்சள் கடற்கரையில் ஒரு பகுதி 2019இலும், கொரியாவின் சேற்றுவெளிகளில் சில 2021இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின என்பது இதில் ஓரளவு ஆறுதலான செய்தி.

தமிழ்நாட்டில் இந்தப் பறவையைத் தேடுவோர் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் தனுஷ்கோடிக்கும் செல்வதே வழக்கம். அங்கே ஆழமற்ற கடலும் அகன்ற மணற்பரப்பும் இருப்பதால் அது நியாயமான தேர்வும்கூட. ஆனாலும் கடலூர்க் கரையை வெறும் இடைவழி என்று நான் கருதவில்லை. இந்தப் பகுதிக்கு வரும் பறவை ஆர்வலர்கள் பெரும்பாலும் ஊசுட்டேரிக்கோ பாகூர் ஏரிக்கோ கழுவேலிச் சதுப்புநிலத்துக்கோ போய்விடுகிறார்கள். ஆற்று முகத்துவாரங்களில் தொலைநோக்கியை ஊன்றி, ஒரு கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்து முடிப்பவர்கள் குறைவு. பார்க்கப்படாத இடத்தில் பதிவு இல்லை என்பதைப் பறவை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, நாளைத் திட்டமிடுவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் பத்து மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்கும். அங்கே வற்றத்தின்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு வெளிப்படும். இங்கே அப்படி வெளிப்படுவது கழிமுகத்தின் ஓரங்களில் ஒரு குறுகிய பட்டையும், ஆற்றுவாயின் நடுவே சில மணல்திட்டுகளும் மட்டுமே. அந்தச் சிறு ஏற்ற இறக்கமும் முகத்துவாரம் திறந்திருந்தால்தான் உள்ளே வரும். தென்மேற்குப் பருவக் காலத்தில் சோழகக் காற்றோடு வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் வாடைக் காற்றோடு தெற்கு நோக்கியும் கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் இந்த மணல் ஆற்றுவாயின் குறுக்கே மேடிட்டு அதை அடைத்துவிடுகிறது. வாய் அடைபட்ட கழியில் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. மழைநீர் தேங்கினால் சேறு முழுவதும் மூழ்கிக் கிடக்கும், வெயில் ஏறினால் அதே சேறு காய்ந்து வெடிக்கும். இரண்டு நிலையிலும் உள்ளான்களுக்கு அங்கே வேலையில்லை.

புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்றுவாயில் 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த மணல் ஓட்டத்தை மறித்ததையும், தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர, வடக்கே நகரின் கடற்கரை அரிக்கப்பட்டதையும் புதுச்சேரிக்காரர்கள் அறிவார்கள். கடலோரத்தில் எழும் சுவர், மணலும் சேறும் எங்கே நிலைக்கும் என்பதை மாற்றிவிடுகிறது. சேமாங்கத்தில் பேரளவில் நடந்ததன் அடிப்படை இயக்கம் நம் வாசலிலும் சிறு அளவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதால், இந்தக் கரையில் பறவை பார்ப்பவர் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஜனவரி மாதத்தின் சிறப்பு இதனால்தான் விளங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு வெளியேறி, ஆற்றுவாய்களைத் திறந்துவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததையும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையின் உபரிநீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூர்ப் பகுதியைச் சூழ்ந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வெள்ளம் மனிதருக்குப் பெருந்துன்பம்; கழிமுகத்தில் அது மணலைப் பெயர்த்துப் புது வண்டலைப் படிய வைத்துவிட்டுச் செல்கிறது. வெள்ளம் வடிந்து, நன்னீர் விலகி, கடல்நீர் மீண்டும் உள்ளேறும் தை மாதத்தில்தான் சேற்றில் புழுக்களும் சிறு சிப்பிகளும் உள்ளான்களுக்கு எட்டும். எனவே புறப்படுவதற்கு முன் நீங்கள் விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி, பறவை வந்திருக்கிறதா என்பதைவிட, வாய் திறந்திருக்கிறதா என்பதே. இதற்கு விடை எந்த வரைபடத்திலும் கிடைக்காது. தாழங்குடாவிலோ தேவனாம்பட்டினத்திலோ வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவரைக் கேட்டால், திறந்திருக்கிறதா, எந்தப் பக்கம் ஒதுங்கித் திறந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதுவரை சொல்லிவிடுவார்.

இரண்டாவதாக, நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்து வரும் இரண்டு மூன்று நாட்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றவற்ற வேறுபாடு அப்போதுதான் மிகுதி; அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் நீர் அசைந்ததே தெரியாத அளவுக்கு இருக்கும். கடலூருக்கான ஓத அட்டவணை (ஏற்றவற்ற நேரப் பட்டியல்) இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதிலுள்ள நேரம் திறந்த கடலுக்கானது என்பதையும், குறுகிய வாய் வழியாகக் கழியின் உட்பகுதிக்கு நீர் ஏறிச் சேரச் சற்றுத் தாமதமாகும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வாடைக்காற்று வலுத்து வீசும் நாளில் கடல்நீர் கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அட்டவணை வற்றம் என்று சொல்லும் நேரத்திலும் திட்டுகள் மூழ்கியே இருக்கலாம். நாளைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால், அன்றைய இரண்டு வற்றங்களுள் பகலில் விழுவது எது என்று பார்த்து, அதை நடுவில் வைத்து மற்ற நேரங்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

வற்றத்தின் உச்சத்தில் பறவைகள் சேறெங்கும் சிதறி இரை தேடுவதால், தொலைவிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது கடினம். நீர் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகு, மேயும் பரப்பு சுருங்கச் சுருங்க அவை ஒன்றோடொன்று நெருங்கி, கடைசியாக மூழ்கும் திட்டில் தோளோடு தோள் உரச நிற்கும். அந்த ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான் உங்கள் நாளின் உயிரான பகுதி. அந்த நேரத்தில் நீங்கள் வண்டியில் போய்க்கொண்டிருக்கக் கூடாது. உணவுக்கடையில் உட்கார்ந்திருக்கவும் கூடாது.

மூன்றாவது, வெயில். கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடலின் மேல் எழுவதால், ஊர்ப்பக்கக் கரையில் நின்று முகத்துவாரத்தைப் பார்த்தால் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தெரியும். காலையில் கடலோர மணல்மேட்டின் மேல் கடலுக்கு முதுகு காட்டி நின்று, மேற்கே கழியைப் பாருங்கள். பிற்பகலில் உட்கரையிலிருந்து கிழக்கே பாருங்கள். சாம்பல் நிறப் பறவைக்கும் அதைவிடச் சற்று அடர்ந்த சாம்பல் நிறப் பறவைக்கும் இடையே வேறுபாடு காண வேண்டிய இந்த வேலையில், வெளிச்சம் உங்கள் பின்னால் இருப்பது விலையுயர்ந்த கருவியைவிடப் பயன்படும். ஜனவரியிலும் காலை பத்து மணிக்குப் பிறகு மணற்பரப்பின் மேல் கானல் எழுந்து, தொலைநோக்கிக்குள் பறவையின் விளிம்பு நடுங்கத் தொடங்கும். அதனால் தொலைவிலுள்ள கூட்டத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. கண்ணில் வைத்துப் பார்க்கும் இருகண் நோக்கி மட்டும் இருந்தால் போதாது. முக்காலியில் பொருத்திய ஸ்கோப் ஒன்றை எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் கிரேட் நாட்டை உறுதி செய்வது அநேகமாக நடக்காது.

இப்போது வழியைச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணம், கழுவேலி ஒரு திசை. தெற்கே கடலூர், பரங்கிப்பேட்டை மறு திசை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். கழுவேலி ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட உவர்நீர்ப் பரப்பு. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் இடமாகவும் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும்) அறிவிக்கப்பட்டது. அங்கே வாத்துகளும் கருவால் மூக்கன்களும், சில ஆண்டுகளில் பூநாரைகளும் திரளாகக் கூடும். மரக்காணத்து உப்பளங்களின் பாத்திகளில் கொசு உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் மிக அருகில் பார்க்கலாம். பறவைகளின் திரளைக் காண விரும்புபவருக்கு நான் தயங்காமல் கழுவேலியைத்தான் சொல்வேன். கிரேட் நாட்டின் தேவை வேறு. அது சேற்றிலும் ஈரமணலிலும் புதைந்திருக்கும் சிப்பிகளை ஓட்டோடு விழுங்கி, இரைப்பையின் தசைவலிமையால் நொறுக்கிச் செரிப்பது. ஆகவே கடல்நீர் வந்துபோகும் முகத்துவாரமே அதற்கு உகந்த இடம். அதனால் தெற்கே செல்லுங்கள்.

விடியலில் தென்பெண்ணை முகத்துவாரத்தில் இருக்கும்படி புறப்படுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதற்குச் சற்று முன்னதாகவே கிழக்கே திரும்பினால் தாழங்குடாவை அடுத்த ஆற்றுவாயை அடையலாம். வழியில் சுண்ணாம்பாற்று முகத்துவாரமும் இருக்கிறது. ஆனால் நோணாங்குப்பத்திலிருந்து படகுகள் சுற்றுலாப் பயணிகளைக் கடற்கரைக்கு ஏற்றிச்செல்லும் இடம் அது. விடுமுறை நாட்களில் அங்கே உள்ளான்கள் நிலைத்து நிற்பதில்லை. தென்பெண்ணை வாயில் காலை வெளிச்சம் வந்ததும் முதலில் ஆலாக்களையும் கடற்காகங்களையும் பாருங்கள். பழுப்புத்தலைக் கடற்காகங்களோடு பெரிய ஆலாக்கள் சில நிற்கக்கூடும். செவ்வலகு கொண்ட காஸ்பியன் ஆலா தன் பருமனாலேயே தனித்துத் தெரியும். ஆலாக் கூட்டம் நிற்கும் திட்டின் ஓரத்தில்தான் பட்டைவால் மூக்கன், சாம்பல் உப்புக்கொத்தி போன்ற பருத்த கரைப்பறவைகள் ஒதுங்கும் என்பதால், அந்த ஓரத்தை அவசரப்படாமல் பாருங்கள். இங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது.

கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேரும் கடலூர்த் துறைமுகப் பகுதியில் மீன்பிடிப் படகுகளின் நடமாட்டம் அதிகம். கடற்காகங்களைப் பார்க்க அது நல்ல இடம். உள்ளான்களுக்காக அங்கே நேரம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த இடத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே கிள்ளை, பிச்சாவரம், சின்னவாய்க்கால் என்று உப்பங்கழிகளும் மணல்திட்டுகளும் அலையாத்திக் காடுகளும் பின்னிப் பரந்து கிடக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் நெடுங்காலமாக இயங்கி வருவதால், இந்தக் கழிமுகத்தின் சேற்றில் வாழும் உயிரினங்கள் இந்தியாவிலேயே மிக நெருக்கமாக ஆராயப்பட்டவற்றுள் அடங்கும். பிச்சாவரம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. சுற்றுலாப் படகுகள் செல்லும் சுரபுன்னை மரங்களுக்கிடையேயான வாய்க்கால்கள் அழகானவை. மீன்கொத்திகளையும் கொக்குகளையும் அங்கே நன்றாகப் பார்க்கலாம். நீங்கள் தேடும் பறவை அந்த நிழலுக்குள் வராது. அதற்குத் திறந்த வெளி வேண்டும். எதிரி வருவதைத் தொலைவிலேயே காணும்படி வானம் விரிந்திருக்க வேண்டும். எனவே கிள்ளை, முடசலோடைப் பக்கத்திலிருந்து உள்ளூர் மீனவர் ஒருவரின் படகை முன்கூட்டியே பேசி வைத்து, கடலை ஒட்டிய திட்டுகளுக்கு எதிரே நிறுத்தச் சொல்லுங்கள். திட்டின் மேல் இறங்க வேண்டாம். வற்றம் திரும்பும் நேரம் பிற்பகலில் விழுமானால், வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்க, நீர் பறவைகளை ஒன்றுசேர்க்க, உங்களுக்கு அதைவிட நல்ல அமைப்பு வாய்க்காது. வற்றம் காலையில் விழுந்தால் வரிசையை மாற்றி, விடியலுக்கே பரங்கிப்பேட்டைக்குச் சென்றுவிட்டுத் திரும்பும் வழியில் தென்பெண்ணையைப் பாருங்கள். காலை வேளையில் படகை மணல்மேட்டின் உட்புறம் நிறுத்தி மேற்கே திரும்பிப் பார்ப்பதற்கு இடம் இருக்கிறதா என்பதைப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடையாளம் காண்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூட்டத்தில் எண்ணிக்கையில் மிகுந்து நிற்பவை பெரும்பாலும் சிறிய உப்புக்கொத்திகள், கொசு உள்ளான்கள், வளைமூக்கு உள்ளான்கள். திபெத், லடாக் மேட்டுநிலங்களில் கூடு கட்டிவிட்டு இங்கே வரும் மணல் உப்புக்கொத்திகளும் அவற்றுள் அடக்கம். இந்தச் சிறியவற்றின் நடுவே தலை ஒன்று உயர்ந்து தெரிந்தால் அங்கே கண்ணை நிறுத்துங்கள். கிரேட் நாட் 26 முதல் 28 சென்டிமீட்டர் நீளமுள்ளது; வளைமூக்கு உள்ளானைவிடத் தெளிவாகப் பெரியது, பட்டைவால் மூக்கனைவிடச் சிறியது, சாம்பல் உப்புக்கொத்தியோடு ஏறக்குறைய ஒத்த அளவு. உடல் நீண்டு பருத்தது. அதற்குத் தலை சிறியதாகத் தோன்றும். கால்கள் குட்டையாக, மங்கிய பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். அலகு கறுத்தது, தலையின் நீளத்தைவிடச் சற்று நீளமானது, அடியில் தடித்து நுனி நோக்கி மெலிந்து, கடைசியில் மிக இலேசாகக் கீழே வளைந்தது. குளிர்காலத்தில் முதுகு சாம்பல் நிறம்; மார்பில் கரும்புள்ளிகள் சிதறி விலாப்பக்கம்வரை இறங்கியிருக்கும்; வயிறு வெள்ளை. கண்ணுக்கு மேலே தெளிவான வெண்கோடு இராது. தலை முழுவதும் மெல்லிய கீற்றுகள்தான் தெரியும்.

ஏமாற்றும் பறவைகளுள் முதலாவது சாம்பல் உப்புக்கொத்தி. தலையைத் திருப்பி முதுகுச் சிறகுக்குள் அலகைச் செருகி உறங்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாம்பல் உப்புக்கொத்தி விழித்தவுடன் வேறுபாடு வெளிப்பட்டுவிடும்: அதன் அலகு குட்டையானது, கண் பெரியது, சில அடி ஓடி நின்று குனிந்து மீண்டும் ஓடும் நடை அதற்கே உரியது, பறக்கும்போது அக்குளில் கறுப்புத் திட்டு தெரியும். கிரேட் நாட் அப்படி ஓடி நிற்பதில்லை. குனிந்தபடியே நிதானமாக நகர்ந்து, அலகைச் சேற்றில் குத்திக் குத்தி இரை தேடும். பட்டைவால் மூக்கனின் அலகு மிக நீளமானது, மேல்நோக்கி வளைந்தது, அடிப்பாதி வெளிறியது என்பதால் அதில் குழப்பம் வராது. வளைமூக்கு உள்ளானுக்குக் கண்ணுக்கு மேல் வெண்கோடு தெளிவாக இருக்கும், மார்பில் புள்ளிகள் இரா. பவளக்காலிக்கும் பச்சைக்காலிக்கும் காலே போதும். மிகவும் கடினமானது ரெட் நாட் என்னும் உறவினம். அதுவும் இங்கே அரிதே. அது அளவில் சிறியது, அலகு குட்டையானது, மார்புப் புள்ளிகள் மங்கலானவை, கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு ஓரளவு தெரியும். இவற்றுள் ஏதேனும் ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். அளவு, அலகு, மார்புப் புள்ளி, நடை ஆகிய நான்கும் ஒத்துவந்தால்தான் அது கிரேட் நாட்.

கூட்டம் திடீரென்று எழுந்து சுழன்றால் வானத்தைப் பாருங்கள். பைரியோ சேற்றுப் பூனைப்பருந்தோ வந்திருக்கும். மீனுண்ணும் விராலடிப்பான் வந்தால் உள்ளான்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எழுந்த கூட்டம் சுற்றிவரும்போது, வெண்மையான பிட்டமும் மெல்லிய சிறகுக்கோடும் உடைய பருத்த சாம்பல் பறவை தெரிகிறதா என்று பார்க்கலாம். என்றாலும் பறப்பதை மட்டும் வைத்து உறுதி செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அவை பெரும்பாலும் எழுந்த இடத்துக்கு அருகிலேயே மீண்டும் இறங்கும், காத்திருங்கள்.

மற்றோர் எதிர்பார்ப்பையும் வைத்துக்கொள்ளலாம். நண்டு தின்னி என்று சொல்லத்தக்க கிராப் பிளவர், மன்னார் வளைகுடாவில் ஒழுங்காக வந்து தங்கும் பறவை. நம் பக்கம் அரிது. வெண்மையும் கருமையுமான உடல், நீண்ட நீலச் சாம்பல் கால்கள், கனத்த கருத்த அலகு ஆகியவற்றால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். கரைப்பறவைகளுள் இது மட்டுமே மணலில் வளை தோண்டி, அதனுள் ஒரே ஒரு வெண்ணிற முட்டையிட்டு, மணலின் வெப்பத்தையும் துணையாகக் கொண்டு அடைகாக்கிறது. கரண்டி வடிவ அலகுடைய ஸ்பூன்பில் சாண்ட்பைப்பரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கோடியக்கரைப் பகுதியில் 1980களில் அது பதிவானது உண்மை. இன்று உலகில் எஞ்சியிருப்பவை சில நூறு பறவைகளே என்பதால், இந்த ஒரு நாளில் அதை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

நாளை மாற்றிக்கொள்ள இயலுமானால், மார்ச் இறுதி அல்லது ஏப்ரல் முதல் வாரத்தையும் யோசியுங்கள். அப்போது கிரேட் நாட்டின் மார்பு கரும்பட்டையாக அடர்ந்து, தோளில் செம்பழுப்பு பூத்திருக்கும். அடையாளம் காண்பது எளிது. ஆனால் அந்தப் பருவத்தில் பல ஆற்றுவாய்கள் மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். எண்ணிக்கையும் குறையத் தொடங்கும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், ஜனவரிதான் பாதுகாப்பான தேர்வு.

கரையில் நடந்துகொள்ளும் முறை பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். முகத்துவாரத்துக்குச் செல்லும் பாதைகள் மீனவக் குப்பங்களின் நடுவே செல்கின்றன. வலையும் மீனும் உலர்த்தியிருக்கும் மணலை மிதிக்காமல், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ஸ்கோப்பில் ஒரு முறை அவர்களையும் பார்க்கச் சொன்னால் அடுத்த தடவை தகவல் அவர்களிடமிருந்தே வரும். ஏற்றம் தொடங்கிய பிறகு ஆற்றுவாயைக் கால்நடையாகக் கடக்க முயல வேண்டாம். மணல் இளகும் இடமும் நீர் சுழிக்கும் இடமும் அவர்களுக்கு மட்டுமே தெரியும். திட்டில் ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக நெருங்கி எழுப்பிவிடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒரு முறை எழுப்பினால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். நாய்கள், படகுகள், பைரி, உங்களுக்கு முன் வந்தவர், பின் வரப்போகிறவர் என்று ஒவ்வொருவரும் ஒரு முறை எழுப்பினால், அடுத்த நெடும்பயணத்துக்காகச் சேர்க்க வேண்டிய கொழுப்பை அந்தப் பறவை அங்கேயே செலவழித்துவிடும். மார்ச் மாதத்துக்குப் பிறகு சென்றால் மணல்மேட்டில் காலடி வைப்பதிலும் கவனம் வேண்டும். சிறிய ஆலாக்களும், 2023இல் தனி இனமாகப் பிரித்தறியப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி போன்றவையும் வெறும் மணலிலேயே முட்டையிடுபவை.

கிரேட் நாட்டைப் பார்த்துவிட்டதாகத் தோன்றினால் உடனே குறிப்பேட்டை எடுத்து, நூலைப் புரட்டுவதற்கு முன்பே, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: பக்கத்தில் நின்ற பறவை எது, அதோடு ஒப்பிட்டால் அளவு என்ன, அலகு எப்படி, மார்பில் புள்ளி எதுவரை இறங்குகிறது, எவ்வளவு தொலைவு, வெளிச்சம் எந்தப் பக்கம். ஸ்கோப்பின் வழியே கைபேசியில் எடுத்த மங்கலான படமும் பயன்படும். பக்கவாட்டுத் தோற்றத்தில், அருகில் வேறு பறவையும் தெரியும்படி எடுத்தால் அளவை ஒப்பிட முடியும். காலில் வண்ணக் கொடி கட்டியிருந்தால் அதன் நிறம், மேலே எது கீழே எது, எந்தக் காலில், எழுத்து இருக்கிறதா என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த நாட்டில் பிடித்து விடப்பட்ட பறவை என்பதை அதிலிருந்தே கண்டறிவார்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிடும்போது அரிய பறவைக்கு விளக்கம் கேட்பார்கள். மேற்சொன்ன குறிப்பே போதுமானது. உங்கள் பயணம் ஜனவரி நடுவில் பொங்கலை ஒட்டிய நாட்களில் அமைந்தால், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அந்தப் பட்டியல் சேரும்.

கிரேட் நாட் தென்படாத பட்சத்திலும் அன்றைய முழு எண்ணிக்கையைப் பதிவிடுங்கள். சாம்பல் உப்புக்கொத்தி எத்தனை, பட்டைவால் மூக்கன் எத்தனை, எந்த வாய் திறந்திருந்தது, நீர் ஏற்றமா வற்றமா என்பவற்றைக் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதலாம். அடுத்த ஜனவரியில் உங்களைப் போலவே ஒருவர் கடலூர்க் கரைக்குப் புறப்படும்போது, எந்தத் திட்டின் எதிரே எத்தனை மணிக்கு நிற்பது என்பதை அவர் அந்தக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்துகொள்ள முடியும்.